ஒரு கரண்டிப் புரதமும் ஐம்பது ரூபாய் விடுதிச் சாப்பாடும்

தமிழ்நாட்டின் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவர் ஒருவரின் உணவுக்கு அரசு வழங்கும் கட்டணம் மாதம் 1,500 ரூபாய். பள்ளி மாணவருக்கு 1,400 ரூபாய். 2023ஆம் ஆண்டில் முறையே 1,100, 1,000 ரூபாயிலிருந்து உயர்த்தப்பட்ட தொகைகள் இவை. முப்பது நாள்களுக்குப் பங்கிட்டால், கல்லூரி மாணவருக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய். பள்ளி மாணவருக்கு 47 ரூபாய்க்கும் குறைவு. மூன்று வேளைக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

அந்த விடுதியிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் உடற்பயிற்சிக் கூடத்தில் இன்னொரு கணக்கு ஓடுகிறது. நடுத்தர விலையுள்ள புரோட்டீன் பவுடர் ஒரு கிலோ 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டப்பாவுக்குள் கிடக்கும் அளவுக் கரண்டியால் நாளொன்றுக்கு ஒரு முறை எடுத்தால் முப்பது நாளில் டப்பா காலியாகிவிடும். ஒரு கரண்டியின் விலை ஏறத்தாழ 80 ரூபாய். ஒரு தலித் மாணவரின் ஒரு நாள் உணவுக்கு அரசு மதிப்பிட்டிருக்கும் தொகையைவிட, பாலில் கலக்கிக் குடிக்கும் ஒரு கரண்டி மாவின் விலை 30 ரூபாய் அதிகம்.

இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. புரோட்டீன் பவுடர் இன்று உடற்கட்டுப் போட்டியாளர்களின் பொருளாக மட்டும் இல்லை. அலுவலகம் செல்வோரின் காலைக் குவளையிலும், காவலர் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும் இளைஞரின் பையிலும், கல்லூரி விடுதி அலமாரியிலும் அது அன்றாட உணவாக இடம்பிடித்துவிட்டது. நம்முடைய இளைஞர்கள் கடன் வாங்கியும், பகுதிநேர வேலை செய்தும் அதை வாங்குகிறார்கள். அந்தப் பொடி நல்லதா கெட்டதா என்ற உடல்நலக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டு நகர்ந்துவிட நம்மால் இயலாது. புரதம் யாருக்கு உரிமையாகக் கிடைக்கிறது, யார் அதை விலைகொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது, யாருடைய புரதம் குற்றமாகப் பார்க்கப்படுகிறது என்பவை சட்டத்தின் கேள்விகள்; சாதியின் கேள்விகள்.

எவ்வளவு தேவை, என்ன விலை?

முதலில் அடிப்படை உண்மைகளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, உடல்நலமுள்ள வயதுவந்தவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதுமானது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 50 கிராம். இதே நிறுவனங்கள் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டு நெறிகள், தசையைப் பெருக்குவதற்காகப் புரதப் பொடிகளை உண்பதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தின. அப்பொடிகளில் சர்க்கரை, செயற்கை இனிப்பூட்டிகள், சுவையூட்டிகள் சேர்க்கப்பட்டிருக்கக்கூடும் என்றும், பெருமளவில் நீண்டகாலம் உண்பது எலும்பின் தாது இழப்புக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் வழிவகுக்கக்கூடும் என்றும் எச்சரித்தன. மருத்துவர் ஆலோசனையின்பேரில் நோயாளிக்குத் தரப்படும் புரதத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. விளம்பரத்தைப் பார்த்து, அன்றாட உணவுக்குப் பதிலாகப் பொடியை நம்பும் வழக்கத்தைத்தான் நாம் இங்கே பேசுகிறோம்.

பொடியின் தரம் குறித்த செய்தியும் ஆறுதல் தருவதாக இல்லை. கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் முன்னின்று நடத்தி, 'மெடிசின்' என்ற ஆய்விதழில் 2024இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் விற்கப்படும் 36 புரதப் பொருள்களைப் பரிசோதித்தது. அவற்றில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் லேபிளில் சொல்லப்பட்ட புரத அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. சுமார் 14 விழுக்காட்டில் பூஞ்சை நச்சும், 8 விழுக்காட்டில் பூச்சிக்கொல்லி எச்சமும் கண்டறியப்பட்டன. 80 ரூபாய் கொடுத்து 25 கிராம் புரதம் உண்டதாக நம்பும் மாணவர், உண்மையில் அதில் பாதியை மட்டும் உண்டிருக்கலாம்.

இப்போது அதே 25 கிராம் புரதத்தை நம் சமையலறையில் தேடுவோம். சில்லறை விலை ஊருக்கு ஊர் மாறும். ஆயினும் தோராயக் கணக்கு பொய் சொல்லாது. நான்கு கோழி முட்டையில் 24 கிராம். செலவு 30 ரூபாய்க்குள். நூறு கிராம் வேர்க்கடலையில் 25 கிராம்; செலவு 15 ரூபாய் அளவில். ஐம்பது கிராம் சோயா உருண்டையில் ஏறத்தாழ 25 கிராம். செலவு பத்து ரூபாயை ஒட்டி. நூற்று இருபத்தைந்து கிராம் மாட்டிறைச்சியில் 25 கிராமுக்கும் சற்று மேல். கிலோ 350 ரூபாய் என்றால் செலவு 45 ரூபாய்க்குள். அதே எடையுள்ள ஆட்டிறைச்சிக்கு இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டும். துவரை, கொள்ளு, தட்டைப்பயறு, கருவாடு என்று பட்டியல் நீளும். அரிசியையும் பருப்பையும் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்த்து உண்டால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் என்பதையும் ஊட்டச்சத்து நிறுவனமே சொல்கிறது.

ஆக, நம் சந்தையில் உள்ள புரதங்களில் பொடிதான் மிக விலையுயர்ந்தவற்றுள் ஒன்று. ஏழை இளைஞர் அதைத் தேர்ந்தெடுக்கிறார் என்றால், அதற்கான காரணத்தை அறியாமை என்று சுருக்கிவிட முடியாது.

வாசமற்ற புரதம்

சட்ட உதவிக்காக விடுதிகளுக்கும் மாணவர் அறைகளுக்கும் செல்லும்போது நாம் திரும்பத் திரும்பக் கேட்கும் விடைகள் மூன்று. விடுதிச் சாப்பாட்டை மட்டும் நம்பி ஓட்டப் பயிற்சி செய்ய முடியவில்லை என்பது முதலாவது. வாடகை அறையில் கறி சமைக்க வீட்டு உரிமையாளர் அனுமதிப்பதில்லை என்பது இரண்டாவது. பொடியைக் குடித்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை என்பது மூன்றாவது.

மூன்றாவது விடையை நாம் நின்று கேட்க வேண்டும். மாட்டுக்கறிக்கு மணம் உண்டு. கருவாட்டுக்கு மணம் உண்டு. அந்த மணத்தை வைத்துச் சாதியைக் கண்டுபிடிக்கும் மூக்கு இந்நாட்டில் ஏராளம். 'சைவம் மட்டும்' என்ற வாடகை நிபந்தனை பல இடங்களில் சாதிச் சான்றிதழைக் கேட்பதற்கான நாகரிகமான வழியாகவே இருக்கிறது. பொடிக்கு வெனிலா மணமும் சாக்லேட் மணமும்தான் உண்டு. அது எந்தச் சேரியிலிருந்தும் வந்ததாகத் தெரியாது. தன் உணவால் அடையாளம் காணப்பட்டு ஒதுக்கப்பட்ட ஒருவருக்கு இந்த அடையாளமின்மை ஒரு விடுதலையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. நம் தோழர்கள் சிலர் இதை வாதமாகவே முன்வைக்கிறார்கள்: சாதியின் மூக்கிலிருந்து தப்பிக்கப் பொடி உதவுகிறது என்றால் அதைக் குறை சொல்ல நாம் யார்?

இந்த வாதத்தை நாம் மதிக்கிறோம். அவமானத்திலிருந்து தப்பிக்க ஒருவர் எடுக்கும் முடிவை வெளியிலிருந்து எடைபோட யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் தப்பித்தலுக்கு அவர் மாதம் 2,500 ரூபாய் கட்டுகிறார். சாதி ஒதுக்குதல் செய்பவர் எதையும் கட்டுவதில்லை. ஒதுக்கப்பட்டவரிடம் வசூலிக்கப்படும் இந்த வரியைத் தனிமனிதத் தேர்வு என்று பெயரிட்டு நாம் ஏற்றுக்கொண்டால், அடுத்த தலைமுறை மாணவரும் அதே வரியைக் கட்ட வேண்டியிருக்கும்.

இதில் இன்னொரு முரண்பாட்டையும் கவனிக்க வேண்டும். சந்தையில் மிகுதியாக விற்கும் 'வே' புரோட்டீன், பாலாடைக்கட்டி தயாரிக்கும்போது பிரியும் தெளிநீரிலிருந்து எடுக்கப்படுவது. மாட்டின் பாலிலிருந்து வரும் அந்தப் புரதத்துக்குச் சைவ உணவுக்கான பச்சைப் புள்ளி கிடைக்கிறது. உலர்த்தி, டப்பாவில் அடைத்து, உயர் விலைக்கு விற்கப்படுகிறது. அதே மாட்டின் தசையிலிருந்து வரும் புரதம், குறைந்த விலையில், நம் தெருமுனைக் கடையில் கிடைக்கும்போது தீட்டாகிறது. பல மாநிலங்களில் குற்றமாகிறது. அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட, தீண்டப்படாதோர் யார் என்பதை ஆராயும் நூலில், மாட்டிறைச்சி உண்பதையும் தீண்டாமையின் தோற்றத்தையும் இணைத்து வாதிட்டார். புரதத்தின் வேதியியல் எல்லா உடலிலும் ஒன்றுதான். அதற்கு மேலும் கீழும் கற்பித்தது சாதி.

நீதிமன்றத்தின் தட்டில் புரதம்

புரதம் நம் அரசமைப்புச் சட்ட வரலாற்றில் வெளிப்படையாகவே பேசப்பட்டிருக்கிறது. உறுப்பு 47, மக்களின் ஊட்டச்சத்து நிலையை உயர்த்துவதை அரசின் முதன்மையான கடமைகளுள் ஒன்றாகச் சொல்கிறது. அடுத்து வரும் உறுப்பு 48, பசு, கன்று, பிற கறவை, இழுவை மாடுகளைக் கொல்வதைத் தடைசெய்ய முயலுமாறு அரசுக்குச் சொல்கிறது. இரண்டும் வழிகாட்டும் நெறிகளே. இரண்டுக்கும் சட்டத்தில் ஒரே தகுதிதான். ஆனால் 48ஐ நிறைவேற்ற மாநிலங்கள் சிறைத்தண்டனை விதிக்கும் சட்டங்களை இயற்றின. 47ஐ நிறைவேற்ற மக்கள் வழக்குப் போட வேண்டியிருந்தது.

1958இல் முகம்மது ஹனீஃப் குரேஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் பசுக்கொலைத் தடையை ஏற்றுக்கொண்டது. எனினும், பயன்பாடு முடிந்த காளைகளையும் எருமைகளையும் முற்றாகத் தடைசெய்வது செல்லாது என்றது. பழமோ பாலோ நெய்யோ வாங்க இயலாத ஏழைகளுக்கு எப்போதாவது கைக்கெட்டும் ஒரு துண்டு மாட்டிறைச்சியும் இல்லாமல் போனால் அவர்கள் ஊட்டக்குறைவுக்கு ஆளாவார்கள் என்பதை அத்தீர்ப்பு பதிவுசெய்தது. ஏழையின் தட்டிலிருந்த புரதம் அன்று ஒரு சட்டக் காரணமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 2005 அக்டோபரில், மிர்சாபூர் மோத்தி குரேஷி வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஒரு நீதிபதியின் மாறுபட்ட கருத்தோடு, அந்த நிலைப்பாட்டை மாற்றியது. காளைகளையும் எருதுகளையும் எந்த வயதிலும் கொல்லக் கூடாது என்ற குஜராத் சட்டம் செல்லும் என்றது. நாட்டின் உணவு நிலை முன்னேறிவிட்டது, புரதத்துக்கு வேறு வழிகள் உள்ளன, மொத்த இறைச்சி நுகர்வில் மாட்டிறைச்சியின் பங்கு 1.3 விழுக்காடுதான் என்பவை அதன் காரணங்களில் அடங்கும். நாட்டின் சராசரியை வைத்து ஒரு சமூகத்தின் தட்டை அளக்கும் முறை இது. 'வேறு வழிகள்' உள்ளன என்பது உண்மை. அவற்றின் விலை என்ன, அந்த விலையை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு அங்கே விடை இல்லை. இன்று ஒரு கரண்டி 80 ரூபாய்க்கு விற்கும் பொடியும் அத்தகைய 'வேறு வழிகளில்' ஒன்றுதான்.

நீதிமன்றங்கள் வேறு திசையிலும் பேசியிருக்கின்றன. 2008இல் ஹின்சா விரோதக் சங்க வழக்கில், ஒருவர் என்ன உண்கிறார் என்பது அவருடைய சொந்த விவகாரம் என்றும், அது உறுப்பு 21இல் அடங்கிய தனிமை உரிமையின் பகுதி என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. மகாராட்டிரத்தின் மாட்டிறைச்சிச் சட்டத்தை 2016 மே மாதம் ஆராய்ந்த பம்பாய் உயர் நீதிமன்றம், கொலைத் தடையை ஏற்றாலும், வெளிமாநிலத்தில் வெட்டப்பட்ட இறைச்சியை வைத்திருப்பதையே குற்றமாக்கிய பிரிவை நீக்கியது. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தனிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தபோது, என்ன உண்பது என்பதை அரசு சொல்வதை யாரும் விரும்பமாட்டார்கள் என்று நீதிபதி செலமேஸ்வர் தம் தீர்ப்பில் குறிப்பிட்டார். உண்ணும் விருப்பத்துக்கு இவ்வாறு ஒரு பாதுகாப்பு உருவாகியிருக்கிறது. உண்ணப் போதுமான அளவு கிடைப்பதற்கான பாதுகாப்பு அந்த அளவுக்கு வளரவில்லை. தலித் மக்களுக்கு இவை இரண்டும் ஒன்றாகக் கிடைத்தால்தான் பயன்.

மாட்டிறைச்சி குற்றமல்லாத தமிழ்நாட்டிலும் விலக்கல் நடக்கிறது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடம் தரப்படவில்லை. எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. இந்த விலக்கலைப் பாகுபாடாக ஏன் கருதக்கூடாது என்று ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. ஒரு தட்டு பிரியாணி ஆணையத்தின் கோப்புக்குள் நுழைந்த அந்தத் தருணம் முக்கியமானது. பொதுப்பணத்தில் நடக்கும் நிகழ்வில் ஒரு மக்கள் திரளின் உணவை மட்டும் ஒதுக்குவது சுவை சார்ந்த முடிவாகாது என்பதை ஓர் அரசு அமைப்பே ஏற்றுக்கொண்ட தருணம் அது.

கிராமில் எழுதப்பட்ட உரிமை

புரதத்தை எடைபோட்டு உரிமையாக்கிய வரலாறும் நம்மிடம் உண்டு. குடிமை உரிமைகளுக்கான மக்கள் கழகம் தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் ஒவ்வொரு குழந்தைக்கும் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் உள்ள சமைத்த உணவை, ஆண்டில் குறைந்தது 200 நாள்கள் வழங்கச் சொன்னது. அதே வழக்கில் 2004 ஏப்ரலில், சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித், பழங்குடியினருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் ஆணையிட்டது. தட்டில் என்ன இருக்கிறது என்பதையும் அதை எந்தக் கை பரிமாறுகிறது என்பதையும் நீதிமன்றம் சேர்த்தே பார்த்தது. அதற்கான தேவை 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் தலித் பெண் சமைப்பதைச் சாதி இந்துக்கள் எதிர்த்தபோது மீண்டும் வெளிப்பட்டது.

2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த அளவை உயர்த்தி எழுதியது: தொடக்க வகுப்புக் குழந்தைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், நடுநிலை வகுப்புக் குழந்தைக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும். தமிழ்நாடு இதற்கு வெகுகாலம் முன்பே நடந்த பாதை நமக்குத் தெரியும். 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய முயற்சி, காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1989இல் இரு வாரத்துக்கு ஒரு முட்டை, 2010இல் பள்ளி நாள்தோறும் ஒரு முட்டை என்று அது வளர்ந்தது. வேறு மாநிலங்களில் அதே முட்டை அரசியல் போராட்டமாகியது. 2015இல் மத்தியப் பிரதேச அரசு அங்கன்வாடிகளில் முட்டை வழங்க மறுத்தது. கர்நாடகத்தில் 2021இல் முட்டை வழங்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். மகாராட்டிரம் 2025 ஜனவரியில் முட்டைக்கான அரசு நிதியை நிறுத்தியது.

முட்டைக்கு எதிரான குரல்கள் எந்தக் குழந்தையின் வயிற்றிலிருந்து எடுத்துக்கொள்கின்றன என்பதைத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. 2019-21 கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர், பட்டியல் சாதியினரில் 39 விழுக்காடு. பழங்குடியினரில் 41 விழுக்காடு. பிற்படுத்தப்பட்டோரும் பட்டியலினத்தாரும் அல்லாத ஏனையோரில் 30 விழுக்காடு. நாட்டின் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்களுக்கான குறைந்தபட்ச உயரம் பொதுவாக 170 சென்டிமீட்டர், பட்டியலினத்தாருக்கு 167. மார்பளவு எல்லோருக்கும் 81, விரிவு ஐந்து. அங்கே உயரம் போதாமல் திரும்பும் இளைஞர் அடுத்த நாள் உடற்பயிற்சிக் கூடத்தில் பொடியின் விலையை விசாரிக்கிறார். எலும்பு வளர வேண்டிய வயதில் கிடைக்காத முட்டையை இருபது வயதில் எந்தப் பொடியாலும் ஈடுகட்ட இயலாது.

உரிமை நின்றுபோகும் இடம்

நம் பார்வையில் இந்த விவகாரத்தின் சட்டச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் பள்ளி உணவுக்குத் தரும் உரிமை எட்டாம் வகுப்போடு, அல்லது பதினான்கு வயதோடு முடிகிறது. தமிழ்நாட்டின் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை நீள்கிறது. அதன்பிறகு மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவருக்குப் புரதம் என்பது சட்டத்தின் எந்த அட்டவணையிலும் இல்லை. விடுதியில் அவருடைய உணவு ரூபாயில் மட்டும் எழுதப்படுகிறது, கிராமில் எழுதப்படுவதில்லை.

இந்த வேறுபாடு சொல்லளவில் நிற்பதல்ல. '12 கிராம் புரதம்' என்று எழுதப்பட்ட உரிமை, பருப்பின் விலை ஏறினாலும் 12 கிராமாகவே நிற்கும். விலையேற்றத்தின் சுமையை அரசு ஏற்க வேண்டும். '50 ரூபாய்' என்று எழுதப்பட்ட ஒதுக்கீடு, விலை ஏற ஏறத் தட்டில் சுருங்கும். சுமையை மாணவரின் உடல் ஏற்கும். முதலாவதை மீறினால் நீதிமன்றத்தில் அளந்து காட்டலாம். இரண்டாவதில், தொகை செலவழிக்கப்பட்டுவிட்டது என்ற ஒற்றை வரியோடு கோப்பு மூடப்படும். சாம்பாரில் பருப்பைத் தேடும் மாணவரின் புகார் ஏன் எங்கும் நிலைப்பதில்லை என்பதற்கு இதுதான் காரணம். 2025இல் அரசு இவ்விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் சூட்டியது. பெயரை நாம் வரவேற்கிறோம். அந்தப் பெயருக்கு ஒரு கிராம் அளவையும் சேர்த்தால்தான் பெயர் பொருள்படும்.

கல்வி வளாகங்களின் மெஸ்களும் இதே பாடத்தைச் சொல்கின்றன. 2018இல் சென்னை ஐ.ஐ.டி. உணவுக்கூடம் ஒன்றில் சைவம், அசைவம் உண்போருக்குத் தனி வாயிலும் தனிக் கைகழுவுமிடமும் குறிக்கப்பட்டன. எதிர்ப்புக்குப் பின் அறிவிப்புகள் அகற்றப்பட்டன. 2023இல் பம்பாய் ஐ.ஐ.டி. விடுதியில் 'சைவம் மட்டும்' மேசைகளை எதிர்த்த மாணவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. தீண்டாமையை ஒழித்த உறுப்பு 17, மேசைகளைப் பிரிக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

முதலாவதாக, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் விடுதிகள் அனைத்திலும் வயதுக்கேற்ற கலோரி, புரத அளவு அரசாணையாக வர வேண்டும். உணவுக் கட்டணம் விலைவாசியோடு ஆண்டுதோறும் தானாக உயர வேண்டும். 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம், இம்மக்களுக்கான நிதியை ஒதுக்கவும் அதற்காகவே செலவிடவும் அரசைக் கட்டுப்படுத்துகிறது. விடுதித் தட்டைவிட அந்த நிதிக்குப் பொருத்தமான இடம் அரிது.

இரண்டாவதாக, நாளொன்றுக்கு ஒரு முட்டை என்ற வழக்கம் பத்தாம் வகுப்போடு நிற்கக் கூடாது. மேல்நிலைப் பள்ளிக்கும் விடுதிக்கும் அது நீள வேண்டும். நியாயவிலைக் கடையில் கிலோ 30 ரூபாய்க்கு வழங்கப்படும் துவரம்பருப்பின் அளவு உயர வேண்டும். மாணவர்கள் விரும்பும் விடுதிகளில் மாட்டிறைச்சி, கருவாடு உட்பட அவர்கள் பழகிய உணவு பட்டியலில் இடம்பெற வேண்டும். விரும்பாதவருக்கு மாற்று உணவு இருக்க வேண்டும். அரசு நடத்தும் எந்த உணவு நிகழ்விலும் ஒரு சமூகத்தின் உணவு விலக்கப்படக் கூடாது.

மூன்றாவதாக, பொடிச் சந்தை சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும். 2006இன் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தில் பிரிவு 52, பொய்யான லேபிளுக்கு மூன்று இலட்சம் ரூபாய் வரையும், பிரிவு 53, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கின்றன. மாணவர்கள் பலருக்குத் தெரியாத பிரிவு 40: உணவுப் பொருளை வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் அதைச் சோதிக்கலாம், பொருள் சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிக்கை வந்தால் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். ஒரு விடுதியில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு டப்பாவைச் சோதனைக்கு அனுப்புவது பெரிய செலவாகாது.

நான்காவது வேலை நம்முடையது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு விடுதியிலும் மூன்று ஆவணங்களைக் கேட்கலாம்: வாராந்திர உணவுப் பட்டியல், பருப்பு, முட்டை, இறைச்சி இருப்புப் பதிவேடு, மாணவர் வருகைப் பதிவேடு. இருப்பிலிருந்து செலவான பருப்பு, முட்டை, இறைச்சியில் உள்ள புரதத்தின் எடையை உண்ட மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால், ஒருவர் தட்டில் விழுந்த புரதம் எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். அந்த எண்ணை 50 கிராமுக்கு அருகில் எழுதுங்கள். மாவட்ட ஆட்சியருக்கும், ஆணையத்துக்கும், தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கும் நாம் எடுத்துச் செல்லும் மனுவின் முதல் பக்கம் அதுவாக இருக்கட்டும்.

பொடி குடிக்கும் நண்பரைக் கேலி செய்ய வேண்டியதில்லை. அவர் மாதந்தோறும் கட்டும் 2,500 ரூபாய், அரசு தரத் தவறிய முட்டைக்கும் பருப்புக்கும் கறிக்குமான தொகை. அந்தக் கடனை அரசிடம் திருப்பிக் கேட்கும் மனுவில் அவரையும் கையொப்பமிடச் சொல்வோம்.